மிஸ்ஸியைக் கேளுங்கள்: பழைய கிட்னியை எங்கே போட்டார்கள்?

போன இதழில் மாற்றுச் சிறுநீரகம் பற்றி எழுதும்போது, புதுக் கிட்னியை முதுகுப் பக்கம் வைக்க மாட்டார்கள், அடிவயிற்றில்தான் வைப்பார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் முழுக்க அந்த ஒரு வரிக்குத்தான் கடிதமும் வாட்ஸ்அப்பும். சுங்கை சிப்புட் பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோதுகூட ஓர் அண்ணன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "அப்போ பழசு ரெண்டும் எங்கே மிஸ்ஸி?" என்று கேட்டார். கீரைக்கார அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, மூட்டுவலி, முடி உதிர்தல் எல்லாம் அடுத்த மாதம். இந்த முறை கிட்னிதான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. 32 வருடம் தாதி, அதில் பாதிக்கு மேல் டயாலிசிஸ் நாற்காலிகளுக்கு நடுவே. என் கிட்னி ஒன்று என் தம்பியிடம் இருக்கிறது. மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் டாக்டரின் வேலை, நான் விளக்கம் மட்டும்தான் சொல்வேன்.

*

என் வீட்டுக்காரருக்கு எட்டு மாதத்துக்கு முன் கோலாலம்பூரில் கிட்னி மாற்றினார்கள். அவருடைய அக்கா கொடுத்தார். போன வாரம் ஈப்போவில் ஸ்கேன் எடுத்த பெண் "மூணு தெரியுது" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. "எடுக்க மறந்துட்டாங்க, கெட்டுப்போனது உள்ளே கிடந்தா அழுகிப் புதுசையும் கெடுத்துடும்" என்று சொல்லி மாமியார் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. இது உண்மையா?
(ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

தங்கச்சி, முதலில் மாமியாரைச் சாப்பிடச் சொல்லுங்கள். யாரும் எதையும் மறக்கவில்லை. மூன்று இருப்பதுதான் வழக்கம். இரண்டாவது தடவை மாற்றிக்கொண்டவர்களுக்கு நான்குகூட இருக்கும்.

"கெட்டுப்போச்சு" என்று நாம் சொல்கிற வார்த்தைதான் இங்கே வம்பு. மீன் கெட்டுப்போவதும் கிட்னி கெட்டுப்போவதும் ஒன்று இல்லை. பழைய கிட்னிக்குள் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அது உயிருள்ள சதை, அழுகாது. உங்கள் மாமியார் பால்மரம் வெட்டியவராக இருந்தால் இப்படிச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்: பட்டை தீர்ந்து பால் நின்றுபோன மரம் மாதிரி. இலை இருக்கும், நிழல் இருக்கும், ஆனால் கோப்பையில் ஒன்றும் விழாது. ஒரு நல்ல கிட்னியில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. இனிப்புநீரோ ரத்த அழுத்தமோ அவற்றை ஒவ்வொன்றாகத் தழும்பாக்கிவிடும். தழும்பான இடத்தில் புதிதாக ஒன்று முளைக்காது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

அதை ஏன் வெட்டி எடுக்கவில்லை என்றால், எடுப்பது லேசான வேலை இல்லை. அந்த இரண்டும் குடலுக்குப் பின்னால், முதுகெலும்புக்கு இரு பக்கமும், பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு ஒரு தனி ஆபரேஷன் வேண்டும், ரத்தம் போகும், காயம் ஆற வேண்டும், அதுவும் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரை சாப்பிடப்போகிற உடம்பில். இவ்வளவும் செய்து கிடைக்கப்போகிற லாபம் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமில்லை. 1960களிலும் 70களிலும் பல நாடுகளில் மாற்றுவதற்கு முன் பழையவை இரண்டையும் எடுத்துவிடுவது வழக்கமாகத்தான் இருந்தது, அன்றைக்கு ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்துகள் குறைவு. இப்போது கட்டாயம் இருந்தால்தான் எடுக்கிறார்கள்.

புதியதை அடிவயிற்றில், பெரும்பாலும் வலது பக்கம், தொடை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வைப்பதற்குக் காரணம் சுத்தமான பிளம்பிங் கணக்கு. காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே கைக்கு எட்டும் ஆழத்தில் ஓடுகின்றன, மூத்திரப்பையும் பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம், தோலுக்கு அடியிலேயே இருப்பதால் டாக்டர் கையால் தொட்டுப் பார்க்கலாம், ஸ்கேன் சுலபம், ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதிப்பதும் சுலபம். என் தம்பிக்கு முதல் மாதம் முழுக்க அந்த மேட்டின் மேல் கை வைத்துக்கொண்டுதான் தூக்கம் வந்தது. காரில் சீட் பெல்ட் போடும்போது ஒரு சின்ன துண்டை மடித்து அங்கே வைத்துக்கொள்வான். இப்போதும் வைக்கிறான், தேவையே இல்லை, ஆனால் நான் சொல்வதில்லை.

இனி உங்கள் வீட்டுக்காரரின் பழைய இரண்டும் என்ன செய்யும் என்று கேட்டால், மெதுவாகச் சுருங்கும். நல்ல கிட்னி 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். என் தம்பியின் பழையது கடைசி ஸ்கேனில் 6 சென்டிமீட்டர், அதையும் ஸ்கேன் எடுத்த பையன் இரண்டு நிமிடம் தேடித்தான் கண்டுபிடித்தான். மிச்சம் மீதி இருந்த வடிகட்டும் வேலையும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், தேய்ந்து போகும். பழைய வியாதி அங்கே நிற்பதில்லை, போதாக்குறைக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரைகள் கிட்னிக்குள் போகும் ரத்தக்குழாயைக் கொஞ்சம் இறுக்கும். புரதம் நுரையாக ஒழுகிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒழுக்கும் மாற்றிய சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால்தான் மாற்றிய பிறகு சில மாதம் கழித்து மறுபடி நுரை வந்தால் டாக்டர்கள் பழையதைச் சந்தேகப்படாமல் புதியதைச் சந்தேகப்படுவார்கள்.

மாமியாரின் பயத்தில் ஒரு துளி நியாயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வடிகட்டுவதை விட்டாலும் பழைய கிட்னி சும்மா இருப்பதில்லை. ரெனின் என்ற சுரப்பை அது விட்டுக்கொண்டே இருக்கலாம், சிலருக்குப் புதுக் கிட்னி நன்றாக ஓடியும் ரத்த அழுத்தம் இறங்காமல் நிற்பதற்கு அது ஒரு காரணம். பல வருடம் டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு அதில் நீர்க்கட்டிகள் வரும், அந்தக் கட்டியுள்ள கிட்னியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். உள்ளே கல் இருந்து அடிக்கடி கிருமி பிடித்தால் அந்தத் தொற்று மற்ற இடத்துக்கும் பரவும். எந்த மருந்துக்கும் இறங்காத அழுத்தம், திரும்பத் திரும்ப வரும் தொற்று, சந்தேகமான கட்டி, இடத்தையே அடைத்துக்கொள்ளும் அளவு, இப்படி ஒன்று இருந்தால் எடுப்பார்கள். ஆகவே அந்த ஸ்கேன் பெண் மூன்றையும் எண்ணிப் பார்த்தது நல்ல காரியம். புதியதை மட்டும் பார்த்துவிட்டு ஜெல்லைத் துடைத்துவிடுகிறவர்களும் உண்டு. மூத்திரத்தில் ரத்தம் தெரிந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

புதியதைப் பழையது கெடுக்குமா என்றால், தொற்று தவிர, இல்லை. ஆனால் பழையதைக் கெடுத்த வியாதி புதியதையும் தேடி வரலாம். இனிப்புநீர் வரும், சில வகை கிட்னி அழற்சி திரும்ப வரும். அது உடம்பிலிருந்து வருவது, பழைய கிட்னியை எடுத்துவிட்டாலும் வரும்.

*

நான் முன்பு பால்மரத் தோட்டத்தில் இருந்தேன், இப்போது செக்யூரிட்டி வேலை. மாற்றி 14 மாதம் ஆகிறது. மாற்றுவதற்கு முன்பே எனக்கு நாளைக்கு அரை லிட்டர் மூத்திரம் போகும், இப்போது மூன்று லிட்டர் போகிறது. இதில் பழையதின் பங்கு எவ்வளவு? கோப்பிக்கடையில் ஒரு நண்பர், "பழசுக்கு நல்லா ரெஸ்ட் கிடைச்சு திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும், மாத்திரையைக் குறைச்சுப் பாரு" என்கிறார். இன்னொன்று, ரத்தம் (ஹீமோகுளோபின்) 18.2 இருக்கிறது என்று டாக்டர் லோசார்டன் கொடுத்திருக்கிறார். அது பிரஷர் மாத்திரை இல்லையா? எனக்குத்தான் பிரஷரே இல்லையே!
(அ.ரா., கோலகங்சார் சாலை)

அண்ணே, அந்த நண்பர் வேறு ஏதாவது வேலை பார்க்கட்டும்.

தண்ணீர் போவது வேறு, அழுக்கு போவது வேறு. இதை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கே நான் நூறு தடவை விளக்கியிருக்கிறேன், ஏனென்றால் "எனக்குத்தான் நல்லா மூத்திரம் போகுதே, எதுக்கு மிஷின்?" என்றுதான் முதல் நாள் எல்லோரும் கேட்பார்கள். அன்றைக்கு உங்களுக்குப் போன அரை லிட்டரில் யூரியா, கிரியாட்டினின் என்ற அழுக்குகள் போதுமான அளவு வெளியே போகவில்லை, போயிருந்தால் நீங்கள் வாரத்துக்கு 3 தடவை 4 மணி நேரம் படுத்திருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த அரை லிட்டர் முக்கியம்தான். ஆபரேஷனுக்கு முன் "நாளைக்கு எவ்வளவு போகும்?" என்று உங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார்களே, அது எதற்கென்றால், ஆபரேஷன் முடிந்து குழாயில் மூத்திரம் இறங்கும்போது இது புதியதா பழையதா என்று ஏமாந்துவிடக் கூடாது என்பதற்குத்தான். ஒரு சொட்டும் போகாதவருக்கு 200 மில்லி வந்தால் வார்டே சிரிக்கும், உங்களுக்கு அதே 200 வந்தால் டாக்டர் முகம் சுளிப்பார்.

பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் ஒரு வகை ஸ்கேன் இருக்கிறது, ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு இழுக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். உங்களுக்கு அது தேவை இல்லை. டயாலிசிஸ் தொடங்குமுன்பே மாற்றிக்கொண்டவர்களுக்குப் பழையது கொஞ்ச காலம் கைகொடுக்கும். உங்களுக்கு இப்போது பழையது போடுவது கணக்கில் சேர்க்கிற அளவு இருக்காது, மூன்று லிட்டரும் புதியவர் சம்பாதிப்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நிறுத்தினால் உடம்பு புதியதை அந்நியன் என்று கண்டுகொண்டு அடிக்க ஆரம்பிக்கும். அது நடக்கும்போது பெரும்பாலும் வலிக்காது, காய்ச்சலும் இருக்காது, அதுதான் கொடுமை. எங்கள் சென்டருக்குத் திரும்பி வந்த ஒரு பையன், வயது 26, முகம் வீங்குகிறது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நான்கு மாதம் மாத்திரையை விட்டவன். நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். கால் வீங்கி டாக்டரிடம் போன அன்றைக்குக் கிரியாட்டினின் 700ஐத் தாண்டியிருந்தது. திரும்ப வந்தபோது அவனுக்குப் பழைய கிட்னி இரண்டும் வயிற்றில்தான் இருந்தன, ஒன்றும் கைகொடுக்கவில்லை.

இப்போது அந்த 18.2. இது சுவாரஸ்யமான விஷயம், நீங்கள் கேட்டதற்கு நன்றி. ரத்தம் ஊறு என்று எலும்பு மஜ்ஜைக்கு ஆணை கொடுக்கும் எரித்ரோபொய்ட்டின் என்ற சுரப்பின் பெரும்பகுதி கிட்னியிலிருந்துதான் வருகிறது. கிட்னி போனவர்களுக்கு ரத்தம் குறைவது அதனால்தான், டயாலிசிஸின்போது உங்களுக்குப் போட்ட ஊசியும் அதுதான். சுருக்கமாக ஈ.பி.ஓ., வாயில் சொல்லும்போது 'ஈப்போ' ஆகிவிடும். அந்த ஊசி ஈப்போவிலிருந்து வருகிறது என்றே கடைசி வரை நம்பிய ஒரு பாட்டி எங்களிடம் இருந்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாற்றிய பிறகு புதியது இந்தச் சுரப்பைக் கொடுக்க ஆரம்பிக்கும். சிலருக்கு, வடிகட்டுவதை எப்போதோ விட்டுவிட்ட பழையதும் இதை மட்டும் விடாமல் கூடவே கொடுக்கும், யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லையே! வேலைக்கு வராமல் தண்டோரா மட்டும் போடுகிற கங்காணி மாதிரி. ரத்தம் தேவைக்கு மேல் கெட்டியாகும். மாற்றியவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் அளவில் இதைப் பார்க்கலாம், பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள், ஆண்களுக்கு அதிகம், புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். விட்டுவைத்தால் தலைவலி வரும், முகம் சிவக்கும், மோசமானால் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும்.

லோசார்டனும் அதன் உறவுக்கார மருந்துகளும் இந்த ஆணையை மட்டுப்படுத்தும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தத்தைக் குறைக்கிறது என்று நாங்கள் அலுத்துக்கொண்ட அதே குணம் உங்களுக்கு மருந்தாகிறது. ஆக, பிரஷர் மாத்திரையை உங்களுக்குப் பிரஷருக்காகக் கொடுக்கவில்லை. எழுந்திருக்கும்போது தலை சுற்றினால் சொல்லுங்கள், பொட்டாசியத்தையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிகரெட் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் இருந்தால் விடுங்கள்.

*

பக்கத்து லயத்தில் ஓர் அண்ணனுக்கு எலிக்காய்ச்சல் வந்து கிட்னி நின்றுபோய் மூன்று வாரம் டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது பழையபடி செம்பனைக் குலை வெட்டுகிறார். என் அம்மா இனிப்புநீரால் இரண்டு வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். அவருக்கு மட்டும் ஏன் திரும்பவில்லை? டாக்டர் சரியில்லையா?
(மகன், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்)

தம்பி, டாக்டர் மேல் தப்பில்லை. இரண்டும் இரண்டு வியாதி. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய் வருவது எலிக்காய்ச்சல். கெண்டைக்கால் உயிர்போகிற வலி, காய்ச்சல், கண் மஞ்சள், அப்புறம் கிட்னி. செம்பனையில் எலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அதற்காகத்தானே ஆந்தைக்குக் கூண்டு கட்டி வளர்க்கிறார்கள். அந்த வியாதியில் கிட்னியின் குழாய்களில் உள்ள செல்கள் அடிவாங்கி மயங்கிக் கிடக்கும், தழும்பாகாது. ஆளைச் சில வாரம் மிஷினில் தாங்கிப் பிடித்தால் அந்தச் செல்கள் மறுபடி வளர்ந்துவிடும். வெள்ளம் வடிந்த வயல் மாதிரி. அம்மாவுக்கு 15, 20 வருடமாகச் சர்க்கரை அரித்தது. அங்கே திரும்பி வர ஒன்றும் மிச்சமில்லை.

இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் திரும்பும் என்று சொல்லி 800 வெள்ளிக்குப் பொடி விற்கிறவன் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவான், அதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குக் கொஞ்சமாவது மூத்திரம் போகிறது என்றால் அதைக் காப்பாற்றுங்கள், வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், அந்தக் கொஞ்சம் இருக்கிறவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாற்றுவதற்குத் தகுதி உண்டா என்றும் ஒரு தடவை கேளுங்கள், வயதையும் இருதயத்தையும் பார்த்துச் சொல்வார்கள்.

உங்கள் சர்க்கரையைப் பார்த்தீர்களா? 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களுக்கு இனிப்புநீர் 18.3 விழுக்காடு, இங்குள்ள இந்தியர்களுக்கு மட்டும் 31.4. இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீர்தான் காரணம். கிட்னி தேய்வு உள்ளவர்கள் 2011இல் 9 விழுக்காடு, 2018இல் 15ஐத் தாண்டிவிட்டது. புல் மருந்து அடித்ததால்தான் போச்சு என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பாராகுவாட் என்ற புல் மருந்து வயிற்றுக்குள் போனால் கிட்னியும் நுரையீரலும் போகும், உண்மை, 2020 தொடக்கத்திலிருந்து இங்கே அது தடை. ஆனால் நம் ஆட்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தது தே தாரிக் என்ற இனிப்புப் பால் டீதான் என்று நான் சொன்னால் என்மேல் கோபப்படுகிறார்கள்.

*

மாற்றி இரண்டு வருடம். எனக்குக் கிரியாட்டினின் 124. சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் மாற்றியிருக்கிறது, அவனுக்கு 1.4 தானாம்! நூறு மடங்கு வித்தியாசம். எங்கள் ஆஸ்பத்திரி எதையோ மறைக்கிறதா?
(பெயர் வேண்டாம், சலாக்)

இரண்டும் ஒன்றே. அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மைக்ரோமோல் கணக்கு. அவருடைய எண்ணை 88.4ஆல் பெருக்குங்கள், 124 வரும். மீட்டருக்கும் அடிக்கும் உள்ள சண்டை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்கள், வீடியோ காலில் வேறு ஏதாவது பேசுங்கள்.

*

மாற்றியவர்கள் தம்புன் பம்ப்ளிமாஸ் சாப்பிடக் கூடாது என்கிறார்களே, ஏன்? பழம்தானே? பூனைமீசை மூலிகை டீ கிட்னிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு மக்சிக் கொடுத்தார், குடிக்கலாமா?
(ஒரு வாசகி, ஈப்போ)

பழத்துக்குக் கெட்ட குணம் ஒன்றும் இல்லை, உங்கள் மாத்திரையோடு சேரும்போதுதான் தகராறு. டாக்ரோலிமஸையும் சைக்ளோஸ்போரினையும் குடலிலும் ஈரலிலும் உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது, பம்ப்ளிமாஸிலும் கிரேப்ஃப்ரூட்டிலும் உள்ள சத்து அதை முடக்கிவிடும். உடையாத மருந்து ரத்தத்தில் ஏறும், கை நடுங்கும், அந்த விஷத்தில் புதுக் கிட்னியே அடிவாங்கும். ஒரு சுளைதானே என்று கேட்காதீர்கள். சீனப் பெருநாளுக்கு அந்தப் பழம் வீட்டுக்கு வரும், மற்றவர்கள் சாப்பிடட்டும். சாதாரண ஆரஞ்சு பரவாயில்லை. (டாக்ரோலிமஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1984இல் ஜப்பானில் சுகுபா என்ற ஊரின் மண்ணில் இருந்த ஒரு கிருமியிலிருந்து. மண்ணைக் கிளறினால் தங்கம்தான் வர வேண்டும் என்றில்லை.)

பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், அது டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் கிட்னி குறைந்தவர்களுக்கும் அறவே ஆகாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, உயிர்கூடப் போயிருக்கிறது. நல்ல கிட்னி அந்த நச்சை வெளியே தள்ளிவிடும், இவர்களுக்குத் தள்ள ஆள் இல்லை.

பூனைமீசை, மெங்குடுச் சாறு, ஊரிலிருந்து வரும் மூக்கிரட்டைப் பொடி எல்லாவற்றுக்கும் ஒரே பதில். பொட்டாசியம் ஏறலாம், மாத்திரையோடு மோதலாம், பொட்டலத்துக்குள் வேறு என்ன கலந்திருக்கிறது என்று அந்த மக்சிக்கும் தெரியாது. நன்றி சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள். மூலிகையை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. என் தம்பிக்கு இடுப்புப் பிடிப்பு என்று ஒரு கிளினிக்கில் வலி ஊசி போட்டு, ஐந்து நாளுக்கு அதே வலி மாத்திரையையும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அட்டையில் மாற்றுக் கிட்னி என்று கொட்டை எழுத்தில் இருந்தும். கிரியாட்டினின் இறங்க ஒரு மாதம் ஆனது. எங்கே போனாலும் வாயைத் திறந்து நீங்களே சொல்லுங்கள்.

*

அப்பாவுக்குக் கிட்னி முழுக்க நீர்க்கட்டி, பரம்பரை என்கிறார்கள். வயிறு ஏழு மாதம் மாதிரி இருக்கிறது. மாற்றினால் வயிறு இறங்குமா?
(மகள், தாப்பா)

இந்த வியாதியில் மட்டும் பழையது சுருங்குவதற்குப் பதில் ஊதிக்கொண்டே போகும், ஒவ்வொன்றும் கிலோக் கணக்கில்கூட இருக்கும். புதியதை வைக்க இடமில்லை, ரத்தம் கசிகிறது, அடிக்கடி கிருமி என்றால் ஒன்றையோ இரண்டையோ எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் விட்டுவிடுவார்கள், மாற்றிய பிறகு பலருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. புதியதில் கட்டி வராது. உங்கள் அண்ணன் தம்பி எல்லோரும் ஸ்கேன் பாருங்கள், பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாராவது அப்பாவுக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்.

*

அண்ணனுக்குக் கொடுக்க நான் தயார். என் வீட்டுக்காரர், "ஒத்தக் கிட்னியோட பாதி ஆளா ஆயிடுவே" என்கிறார். நீங்கள் கொடுத்தவர், உண்மையைச் சொல்லுங்கள்.
(வயது 38, கம்பார்)

பாதி ஆவதில்லை, அதுதான் வேடிக்கை. ஒன்றை எடுத்ததும் மிச்சமிருப்பது சில மாதத்தில் கொஞ்சம் பெரிதாகி வேலையைக் கூட்டிக்கொள்ளும், மொத்தத்தில் முன்பு இருந்ததில் 60 முதல் 70 விழுக்காடு வரை வந்து நிற்கும். எனக்கு முன்பு கிரியாட்டினின் 64, இப்போது 91. வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம், மூத்திரம், பிரஷர் பார்க்கிறேன். வலி மாத்திரை தொடுவதில்லை. கொடுத்த பிறகு மூன்று வாரம் தும்மினால் உயிர் போனது, தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு தும்முவேன், அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய ஆபரேஷன்தான், பிற்காலத்தில் பிரஷரோ கிட்னித் தேய்வோ வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் டாக்டரிடம் பேசிவிடுங்கள். இனிப்புநீர் இருந்தால் அவர்களே வேண்டாம் என்பார்கள். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே முதன்முதலில் வெற்றிகரமாக மாற்றியது ஓர் இரட்டையரிடமிருந்து இன்னொருவருக்கு. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நாட்டின் முதல் மாற்று நடந்தது 1975இல். கூடப்பிறந்தவர்கள் கொடுப்பது புதுக் கதை இல்லை. வீட்டுக்காரரை ஒரு தடவை பரிசோதனைக்குக் கூடவே அழைத்துப் போங்கள். என் வீட்டுக்காரரும் அங்கே உட்கார்ந்து டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

*

மாற்றி மூன்று வருடம், எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட பிஸ்டுலா இன்னும் புர்ர் என்று ஓடுகிறது. இரவில் என் மனைவிக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை. இனி எதற்கு அது, மூடிவிடச் சொல்லலாமா?
(க.மு., சுங்கை சிப்புட்)

நன்றாக ஓடுகிற பிஸ்டுலா ஒரு சொத்து, புதுக் கிட்னி என்றைக்காவது களைத்துப்போனால் அது வேண்டும் என்று பலரும் விட்டுவைக்கிறார்கள். ரொம்பப் பெரிதாகிவிட்டால், தோல் மெலிந்து பளபளப்பானால், மூச்சு வாங்கினால், அதன் வழியாக ஓடும் ரத்தம் இருதயத்துக்குச் சுமை ஆகிறதா என்று பார்த்து மூடுவார்கள். உங்களுக்கு அப்படி ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள், திடீரென்று சத்தம் நின்று கை வலித்தால் உடனே காட்டுங்கள். எந்தக் கை என்று எழுத மறந்துவிட்டீர்கள். இடது கை என்றால் கட்டிலில் இடம் மாறிப் படுங்கள் அண்ணே, மனைவி வலது பக்கம் வரட்டும்.